புனித ஜார்ஜ் கோட்டை: தேவாலயத்திலிருந்து தொடங்குங்கள்

சென்னைவாசிகளுக்குக் கோட்டை என்றாலே தலைமைச் செயலகமும் சட்டப்பேரவையும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் 1640-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே குடியேறியபோது இது கடலை ஒட்டி நின்ற எல்லைக் காவல் அரண். அந்தப் போர்க்கால முகத்தைக் காண விரும்புவோர் அருங்காட்சியகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது பெரிய இழப்பு என்பதே என் கருத்து.

முதலில் புனித மரியாள் தேவாலயத்துக்குச் செல்லுங்கள். 1680-இல் திறக்கப்பட்ட இக்கட்டடத்தின் சுவர்கள் ஏறத்தாழ 4 அடி கனமுடையவை. பீரங்கிக் குண்டுகளைத் தாங்குவதற்காகவே வளைவாகக் கட்டப்பட்ட கூரை 2 அடி கனத்தில் எழுப்பப்பட்டுள்ளது. வழிபாட்டு இடத்தைக் கட்டும்போதே முற்றுகையையும் மனத்தில் வைத்திருந்தார்கள் என்பதை உள்ளே நின்று அண்ணாந்து பார்க்கும்போதுதான் முழுமையாக உணர முடிகிறது. 1753-இல் ராபர்ட் கிளைவின் திருமணம் நடந்ததும் இங்குதான்.

வெளி முற்றத்தில் தரையில் பதிக்கப்பட்டிருக்கும் கல்லறைக் கற்களை அவசரமின்றிப் பாருங்கள். அவை முதலில், உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டி முன்பு சட்டக் கல்லூரி இயங்கிய பகுதியில், கோட்டை மதிலுக்கு வெளியே இருந்த இடுகாட்டில் நின்றவை. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படையினர் அந்தக் கல்லறைகளை மறைவிடமாகக் கொண்டு தாக்கினர். மீண்டும் அப்படி நேரக் கூடாது என்று, பின்னர் அவற்றைக் கலைத்துக் கற்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தனர். லத்தீன், போர்த்துகீசிய, ஆர்மீனிய எழுத்துகள் அருகருகே கிடக்கும் இம்முற்றத்துக்காகவே ஒரு முறை வரலாம். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எழுத்துகள் நன்றாகத் தெரியும்.

அருங்காட்சியகம் 1795-இல் வணிகர்களின் கூடமாக எழுந்த கட்டடத்தில் இயங்குகிறது. சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் 1796-இல் ஒளிவிடத் தொடங்கியது இதன் கூரையில்தான். வாள்கள், சீருடைகள், நாணயங்கள், ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸின் சிலை எனப் பல இருந்தாலும், 1947 ஆகஸ்ட் 15 அன்று இக்கோட்டையில் ஏற்றப்பட்ட தேசியக் கொடியின் முன் நான் நெடுநேரம் நின்றேன். எந்த அதிகாரத்தைக் காக்க இம்மதில்கள் எழுந்தனவோ, அதன் முடிவை அறிவித்த துணி அது.

சட்டப்பேரவைக் கட்டடத்தின் முகப்பிலுள்ள கருங்கல் தூண்களுக்கும் கதை உண்டு. 1746-இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அவற்றைப் புதுச்சேரிக்குக் கொண்டு சென்றார்கள். 1761-இல் புதுச்சேரி வீழ்ந்த பிறகே அவை திரும்பின. கோட்டைக்குள் இருக்கும் வெல்லெஸ்லி மாளிகையின் ஒரு பகுதியோ 1980-இல் இடிந்து விழுந்துவிட்டது. இருப்பவற்றையாவது வலுவாகக் காக்க வேண்டும் என்ற கவலை அதன் அருகே செல்கையில் எழுகிறது.

அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வளாகத்தில் செயலகமும் ராணுவப் பகுதிகளும் இருப்பதால் அடையாள அட்டையைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். காவலர் தடுக்கும் இடங்களில் படம் எடுக்க வேண்டாம். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் வருவோர் கோட்டை நிலையத்தில் இறங்கி நடந்தே வரலாம்.