ஏற்காட்டு மின்தடைக்கு ஒரு பவர் ஸ்டேஷன்: பயன்படுத்திப் பார்த்த மதிப்புரை

சேலத்து வீடுகளில் இன்வெர்ட்டரும் டியூபுலர் பேட்டரியும் இருப்பதால், தனியாக ஒரு போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன், அதாவது கையில் எடுத்துச் செல்லும் பேட்டரிப் பெட்டி, எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நாங்கள் அதை வாங்கியது ஏற்காட்டிற்காக. வடகிழக்குப் பருவமழையின்போது, காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்படும் சில்வர் ஓக் மரங்களின் கிளைகள் காற்றில் முறிந்து மின்கம்பிகளின் மேல் விழுந்தால், அந்த மழையிலும் மூடுபனியிலும் ஊழியர்கள் வந்து சரிசெய்து முடிக்கும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. தூக்கத்தில் மூச்சடைப்புக்காக, முகமூடி வழியே காற்றை அழுத்தத்துடன் செலுத்தும் சிபாப் (CPAP) கருவியுடன் இரவு முழுவதும் உறங்கும் என் தந்தைக்கு அந்தக் காத்திருப்பு ஏற்றதல்ல.

நாங்கள் தேர்ந்தெடுத்தது 512 வாட் அவர் கொள்ளளவும் 500 வாட் வெளியீடும் கொண்ட, ஒரு கையால் தூக்கிக்கொள்ளக்கூடிய பெட்டி. மின்கட்டண அட்டையின் கணக்கில் சொன்னால், முழுதாக நிரம்பிய இந்தப் பெட்டிக்குள் இருப்பது அரை யூனிட் மின்சாரம்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு வாங்குபவர்களுக்கு ஏமாற்றம் இராது. உள்ளே இருப்பது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்கள். மற்ற லித்தியம் வகைகளைவிட எடை சற்றுக் கூடினாலும், வெப்பத்தை நன்றாகத் தாங்குவதாலும், ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கிப் பயன்படுத்தலாம் என்பதாலும், இந்த வகையையே நான் பரிந்துரைப்பேன். வெளியீடு பியூர் சைன் வேவாக, அதாவது சுவர் இணைப்பில் வருவதைப் போன்ற சீரான அலையாக, இருப்பதும் மருத்துவக் கருவிகளுக்கு அவசியம்.

இரவு நேரப் பயன்பாட்டைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மூச்சுக் காற்று வறளாமல் இருக்கக் கருவியில் உள்ள ஈரப்பதமூட்டியின் சூடேற்றியை நிறுத்திவிட்டால் தந்தையின் கருவி 30 வாட் அளவில் இயங்குகிறது. எட்டு மணி நேரத்திற்கு 240 வாட் அவர். ஆனால், பெட்டியின் ஏசி பிளக்கில் எதையாவது செருகி வைத்தால், பேட்டரியின் டிசி மின்சாரத்தை ஏசியாக மாற்றுவதற்காகப் பெட்டிக்குள் இருக்கும் இன்வெர்ட்டர் தன்னை இயக்கிக்கொள்வதற்கென்றே மணிக்கு ஏறத்தாழ 10 வாட் அவரை எடுத்துக்கொள்கிறது. ஓர் இரவில் அது மட்டுமே 80 வாட் அவராகிவிடும். சிபாப் கருவிக்கென்று விற்கப்படும் டிசி அடாப்டரைத் தனியாக வாங்கி, காரில் இருப்பது போன்ற 12 வோல்ட் சாக்கெட்டில் இணைத்த பிறகு இந்த வீண்செலவு நின்றது. காலையில் கைப்பேசிகளுக்கும் எல்இடி விளக்குக்கும் தாராளமாக மீதி இருக்கிறது. மலைக் குளிரில் வறண்ட காற்று மூக்கை உறுத்துகிறது என்று சூடேற்றியைப் போட்டால் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். அப்போது ஓர் இரவுக்கே பெட்டி போதாமல் போகலாம். ஆகவே இந்தத் தேவைக்காக வாங்குபவர்கள், மின்சாரம் இருக்கும் ஓர் இரவில், சுவர் இணைப்பு இல்லாமல் பெட்டியிலேயே கருவியை விடியும்வரை ஓட்டிப் பார்த்துவிட்டு மலையேறுவது நல்லது.

வீட்டில் சுவர் இணைப்பில் விரைவாக ஏறும் சார்ஜ், பயணத்தில் அவ்வாறு ஏறுவதில்லை. கார் சாக்கெட்டிலிருந்து 100 வாட் அளவே கிடைப்பதால், அஸ்தம்பட்டியில் இணைத்து, கோரிமேடு தாண்டி, 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி ஏரிக்கரையை அடையும் அந்த ஒரு மணி நேரப் பயணத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் நிரம்பும். மடித்து எடுத்துச் செல்லும் 100 வாட் சோலார் பேனல் நல்ல வெயிலில் 60, 70 வாட் வரை தருகிறது. மூடுபனி இறங்கிய நாளில் அது அநேகமாகச் சும்மா கிடக்கும். மின்தடைக்கு வாய்ப்பு மிகுந்த நாளும் அதே நாள்தான் என்பதால், அவசரத் தேவைக்குச் சோலாரை நம்புவதை நான் ஏற்கவில்லை. கோடையில் முகாம் போடுவோருக்கு அது பயன்படும்.

வெந்நீர்க் கெட்டில், இண்டக்ஷன் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றை இதில் இணைக்க நினைக்கவே வேண்டாம். மிக்ஸியின் மோட்டார் தொடங்கும்போது இழுக்கும் மின்சாரத்திலேயே பாதுகாப்பு அமைப்பு வெளியீட்டைத் துண்டித்துவிடுகிறது. குறை என்று சொன்னால், வேகமாகச் சார்ஜ் ஏறும்போது குளிர்விக்கும் விசிறியின் இரைச்சல் படுக்கையறைக்குச் சற்று அதிகம். சித்திரை வெயிலில் சேலத்தில் நிறுத்திய காருக்குள் இதை விட்டுச் செல்லக் கூடாது. பயன்படுத்தாத மாதங்களில் பாதியளவு சார்ஜுடன் நிழலான இடத்தில் வைத்து, அவ்வப்போது ஏற்றிவர வேண்டும்.

விமானப் பயணத்திற்கு இது உதவாது. 160 வாட் அவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரிகளைப் பயணிகள் கொண்டுசெல்ல அனுமதியில்லை என்பதால், காமலாபுரம் விமான நிலையத்திற்கு இதனுடன் போய்ப் பயனில்லை. கடையில் விலை பேசுவதற்கு முன்பு, பழுதானால் சேலத்திலேயே பார்ப்பார்களா, வெளியூருக்கு அனுப்ப வேண்டுமா, அனுப்பினால் அந்தச் செலவு யாருடையது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மருத்துவக் கருவிக்காக வாங்குபவர்களுக்கு, இரண்டு வாரம் பெட்டி கையில் இல்லாமற்போவது விலை வித்தியாசத்தைவிடப் பெரிய இழப்பு.