நடுக்கப்பல் உள்ளறையா, முன்முனை பால்கனியா?

சென்னையில் சுற்றுலாக் கப்பல் ஏறப்போகும் புதுச்சேரிக்காரர்கள் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு: கூடக் கொஞ்சம் போட்டு பால்கனி அறை எடுக்கலாமா, ஜன்னல் இல்லாத உள்ளறை போதுமா?

நான் முதலில் பார்ப்பது அறை இருக்கும் இடத்தை. கடலூர் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தவருக்குத் தெரியும், எங்கே தூக்கிப் போடும் என்று. கப்பலிலும் இரு முனைகளில்தான் ஏற்ற இறக்கம் அதிகம். மேல்தளம் போகப்போக பக்கவாட்டு ஆட்டமும் கூடும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடல் சும்மா இருக்காது. அப்போது கீழ்த்தளத்தில் நடுவே இருக்கும் உள்ளறைதான் வயிற்றுக்கு நல்லது. என்ன, விடிந்ததே தெரியாது. அடைசல் ஆகாதவர்களுக்குச் சரிப்படாது.

மாசி, பங்குனி என்றால் என் ஓட்டு பால்கனிக்கு, அதுவும் நடுப்பகுதியில் கிடைத்தால். சில அறைகளில் உயிர்காப்புப் படகு எதிரே தொங்கும். காசு கொடுத்துப் படகின் முதுகைப் பார்க்க வேண்டியதுதான்!

எதுவானாலும், எந்தத் தளத்தில் எது இருக்கிறது என்று காட்டும் தளப்படத்தைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். நீச்சல்குளத்துக்கு நேர் கீழே என்றால் விடியற்காலையிலேயே தலைக்கு மேல் நாற்காலியைத் தரதரவென்று இழுப்பார்கள். முன்முனைக் கீழ்த்தளத்தில் நங்கூரச் சங்கிலிச் சத்தம். மேலேயும் கீழேயும் அறைகளே உள்ள தளம்தான் உத்தமம். அறை எண்ணைப் பிறகு சொல்வதாக விற்கும் மலிவு டிக்கெட்டில் இதையெல்லாம் தேர்ந்தெடுக்கவே முடியாது.