டப்பாவில் ‘மினரல்’ என்று இருந்தால் போதாது: பழைய சுண்ணாம்பு வீடு வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கும்பகோணத்தில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டின் சுவர்களை, ‘புராதன வீடுகளைப் புதுப்பிக்கும் நிபுணர்’ என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு ஒப்பந்ததாரர் பாழாக்கிவிட்டார். சுவாசிக்கும் கனிமப் பூச்சு என்று பணம் வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் எமல்ஷனை அடித்துவிட்டுப் போய்விட்டார். இதே பேச்சோடு டெல்டாவிலும் செட்டிநாட்டிலும் புதுச்சேரியிலும் இப்போது பலர் வீடு வீடாக வருகிறார்கள். அதனால் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீடு சப்பைச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டியது. அஸ்திவாரத்துக்கு மேல் ஓதம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. அந்தக் காலத்து வீடுகளில் பொதுவாகக் கிடையாது. காவிரிப் படுகையில் நிலத்தடி ஈரம் சுவருக்குள் ஏறத்தான் செய்யும். ஏறிய ஈரம் சுண்ணாம்புக் காரையின் நுண்துளைகள் வழியாக ஆவியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். சுவர் மூச்சுவிடுகிறது என்பதற்கு இவ்வளவுதான் பொருள். ஈரத்தோடு உப்பும் வருகிறது. வழி திறந்திருந்தால் அந்த உப்பு மேலே பூத்து, துடைத்தால் உதிர்ந்துவிடும். வழியை அடைத்தால் பூச்சுக்குப் பின்னாலேயே படிகமாகித் திரண்டு, காரையையே நெம்பித் தள்ளிவிடும். வருடா வருடம் பொங்கலுக்கு முன் உதிர்ந்ததைச் சுரண்டிவிட்டு மறுபடி சுண்ணாம்பு அடித்த நம் வழக்கத்தில் இந்தக் கணக்கு முழுவதும் இருக்கிறது.

வந்தவருக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும் என்பதுதான் எனக்கு ஆத்திரம். பொட்டாசியம் சிலிகேட் பூச்சைப் பற்றி அருமையாகப் பேசினார். பவேரியாவில் அடால்ஃப் வில்ஹெல்ம் கைம் 1878இல் காப்புரிமை பெற்றது, 1891இல் ஸ்விட்சர்லாந்தின் ஷ்வீஸ் நகர மன்றச் சுவரில் அந்தப் பூச்சால் ஓவியம் தீட்டியது எல்லாவற்றையும் சொன்னார். “சார், இது சுவரின் மேல் உட்காரும் படலம் இல்லை. சுவரோடு வேதிவினை புரிந்து கல்லாகவே மாறிவிடும். ஈரம் தாராளமாக வெளியே போகும்” என்றார். சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. சாதாரண எமல்ஷனைப் போல் பல மடங்கு விலை சொன்னார். தரமான சிலிகேட் பூச்சு விலை அதிகம்தான் என்பதால் அதிலும் சந்தேகம் எழவில்லை. சுவரில் அடித்தது மட்டும் வேறு பொருள்.

வேலை நடந்தபோதே தடயங்கள் இருந்தன. இவை உங்களுக்கு உதவும். முதலாவது, அவருடைய ஆட்கள் பழைய காரையின் மேல் வெள்ளை சிமெண்ட் பட்டி பார்த்து, அதன் மேல் அக்ரிலிக் பிரைமர் அடித்தார்கள். சிலிகேட் பூச்சு காரையோடு நேரடியாகச் சேர்ந்தால்தான் பிடிக்கும். நடுவில் பிளாஸ்டிக் படலம் இருந்தால் அதற்கு அங்கே வேலையே இல்லை. அடுத்தது நிறம். பளீரென்ற ஊதா உட்பட எந்த நிறம் கேட்டாலும் உள்ளூர்க் கடை இயந்திரத்தில் கலந்து வாங்கிவந்தார்கள். சிலிகேட் கடுமையான காரத்தன்மை உள்ளது. அதைத் தாங்கும் கனிம நிறமிகளை மட்டுமே அதில் சேர்க்க முடியும்; அதனால் காவி, மஞ்சள், சாம்பல் போன்ற மண் நிறங்களே அதற்கு இயல்பு.

மூன்றாவது தடயம் ஜன்னல் கண்ணாடி. அதை மூடாமலேயே வேலை செய்தார்கள். சிலிகேட் பட்டுக் காய்ந்தால் கண்ணாடியை அரித்துத் தழும்பு விட்டுவிடும். அதனால் உண்மையாக அந்த வேலை தெரிந்தவர்கள் கண்ணாடியையும் ஓடுகளையும் முதலில் மூடுவார்கள். எங்கள் ஜன்னலில் தெறித்த துளிகளை நகத்தால் நெம்பியதும் ரப்பர் போல முழுசாக உரிந்து வந்தன. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

ஐப்பசி மழை பிடித்ததும் சுவரின் கீழ்ப்பகுதி முழுக்கக் கொப்புளம். அங்கே குடியிருக்கும் அத்தை படம் எடுத்து அனுப்பினார். நான் போய்ப் பார்த்தபோது திண்ணைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு உப்பியிருந்தது. அதைக் குத்தினேன், தண்ணீர் வழிந்தது. தோலை இழுத்தேன், பட்டியோடு சேர்ந்து தாள் போலக் கிழிந்து வந்தது. அதன் முதுகில் பஞ்சு மாதிரி வெள்ளை உப்பு. அதற்குப் பின்னால், தாத்தா காலத்துக் காரை விரலால் தொட்டாலே பொடியாகக் கொட்டியது. உரிந்த துண்டில் தீக்குச்சியைக் காட்டியபோது சுருண்டு, கருகி, பிளாஸ்டிக் நாற்றம் அடித்தது. கனிமப் பூச்சு அப்படி எரியாது. அதைவிடப் பெரிய கவலை, சுவருக்குள் செருகியிருக்கும் தேக்கு உத்திரங்களின் முனைகள். உள்ளே அடைபட்ட ஈரம் அவற்றை உளுக்க வைத்தால் கூரைக்கே ஆபத்து.

ஒப்பந்ததாரரை அழைத்தபோது “ஓதம் உங்கள் சுவரின் குறை சார், பூச்சின் குறை இல்லை” என்றார். காலி டப்பாக்களைத் தேடி எடுத்தேன். பெரிய எழுத்தில் ‘மினரல்’ என்றும் ‘சுவாசிக்கும்’ என்றும் இருந்தது. தயாரிப்பாளரின் தொழில்நுட்பத் தாளில், பிணைப்பான், அதாவது பூச்சைச் சேர்த்துப் பிடித்துச் சுவரில் ஒட்டவைக்கும் பொருள், என்ற இடத்தில் அக்ரிலிக் கோபாலிமர் என்ற பிளாஸ்டிக்கைத் தெளிவாக அச்சிட்டிருந்தார்கள். கனிமம் என்று அவர்கள் சொன்னது அதில் கலந்திருந்த சுண்ணாம்புக்கல் தூளைத்தான். அந்தத் தூள் எந்தப் பெயிண்டில் இல்லை?

ஆகவே டப்பாவின் பெயரை விடுங்கள்; தொழில்நுட்பத் தாளைக் கேளுங்கள். பிணைப்பான் பொட்டாசியம் சிலிகேட்டா, சுண்ணாம்பா, அக்ரிலிக்கா என்று பாருங்கள். ஒரே டப்பாவில் வரும் சிலிகேட் பூச்சுகளில் கொஞ்சம் அக்ரிலிக் இருக்கும், அது தவறில்லை. ஜெர்மனியின் டின் (DIN) 18363 என்ற தரவிதிப்படி கரிமப் பொருள் 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. அடுத்து எஸ்டி மதிப்பு. நீராவி அந்தப் பூச்சைக் கடப்பது எத்தனை மீட்டர் காற்றைக் கடப்பதற்குச் சமம் என்பதைச் சொல்லும் எண் அது. ஐரோப்பியத் தரவிதியில் 0.14 மீட்டருக்குக் கீழே இருந்தால்தான் உயர்ந்த வகுப்பு. 1.4 மீட்டர் வரை நடுத்தர வகுப்பு. இந்த வகுப்பில் வரும் எமல்ஷன்களையும் ‘சுவாசிக்கும்’ என்று விற்க முடிகிறது. எண் தராமல் அந்தச் சொல்லை மட்டும் தருபவரிடம் வாங்காதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால், நம் ஊர்ச் சுண்ணாம்புச் சுவருக்கு விலை உயர்ந்த சிலிகேட்கூடப் பெரும்பாலும் தேவையில்லை. மென்மையாகி உதிரும் பழைய காரையின் மேல் அது சரியாகவும் நிற்காது. நன்றாக நீற்றி, தண்ணீருக்கடியில் ஊற வைத்து, துணியில் வடிகட்டிய சுண்ணாம்பே போதும். சுவரை நனைத்துக்கொண்டு, தண்ணீராக, மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக அடிக்க வேண்டும். கெட்டியாக ஒரே பூச்சில் முடித்தால் பொடியாக உதிரும். வேலைக்குக் கண்ணாடி அணியுங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

எங்கள் வீட்டில் இப்போது வயதான கொத்தனார் ஒருவர் வேலை பார்க்கிறார். வந்த அன்றே “பட்டியைச் சுரண்டாமல் எதை அடித்தாலும் வீண் அம்மா” என்று அத்தையிடம் சொல்லிவிட்டார். கையால்தான் சுரண்டுகிறார். பட்டி பிடித்த இடங்களில் பழைய காரையும் கூடவே வந்துவிடுகிறது. இழந்த இடத்துக்குச் சுண்ணாம்பும் மணலும் மட்டும் சேர்த்த சாந்து. ஒரு கரண்டி சிமெண்ட்கூடக் கூடாது. முற்றத்தைச் சுற்றி இருந்த வழவழப்பான பழைய காரையில் பாதி போய்விட்டது. அது திரும்பி வராது.

தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணில் முதலில் ஆலோசனையும் கேட்கலாம். என் மனுவுக்கு வலுவாக இருப்பது ‘பொட்டாசியம் சிலிகேட் பூச்சு’ என்று அவரே கையெழுத்திட்ட மதிப்பீட்டுத் தாளும், அத்தை பத்திரப்படுத்திய காலி டப்பாக்களும்தான்.

இப்படிப்பட்ட ஒருவரிடம் ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், பட்டி பார்ப்பதற்கு முன்பே வேலையை நிறுத்துங்கள். பொருளின் முழுப் பெயரும் பிணைப்பானும் பில்லில் எழுதி வந்த பிறகு, சுவரின் ஓரத்தில் ஒரு முழம் அகலத்துக்கு மாதிரி அடிக்கச் சொல்லுங்கள். காய்ந்தபின் அதன் மேல் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சுண்ணாம்பாக இருந்தால் சுவர் உடனே குடித்து நிறம் கறுக்கும். முத்து முத்தாக உருண்டு ஓடினால் தொழில்நுட்பத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல சிலிகேட்டிலும் மழைநீரைத் தள்ளும் வகை உண்டு, அதைத் தாள்தான் சொல்லும். தாள் இல்லை என்றால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.