பக்கவாதப் பயிற்சிக்கான கண்ணாடிப் பெட்டி: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பக்கவாதத்தால் இடக்கை தளர்ந்துபோன என் அம்மாவின் பயிற்சிக்காக, மடக்கி வைக்கக்கூடிய கண்ணாடிப் பெட்டி ஒன்றை இணையத்தில் 2,000 ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலான விலையில் வாங்கினோம். இயன்முறை மருத்துவர் சொல்லித் தந்தபடி சில மாதங்களாக வீட்டிலேயே அதைப் பயன்படுத்தி வருகிறோம். பார்ப்பதற்கு எளிய பொருள்தான்: தளர்ந்த இடக்கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்து, நல்ல வலக்கையைக் கண்ணாடியின் முன் அசைத்தால், அதன் பிம்பம் இடக்கையே அசைவதுபோலத் தெரியும். ஆனால் அது பயன்படுமா வீணாகுமா என்பதை நிர்ணயிப்பவை விளம்பரத்தில் சொல்லப்படாத சில அளவுகள் என்பதால் இதை எழுதுகிறேன்.

நம் கை எங்கே இருக்கிறது என்பதை மூளை இரண்டு வழிகளில் அறிகிறது. ஒன்று கண், மற்றொன்று தோல், தசை, மூட்டு ஆகியவற்றிலிருந்து வரும் உணர்வு. இவ்விரண்டையும் மூளை சரிபாதியாகக் கலப்பதில்லை. மார்க் எர்ன்ஸ்ட், மார்ட்டின் பேங்க்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், சிறு மேடு ஒன்றின் உயரத்தைப் பார்த்தும் விரலால் தொட்டும் கணிக்கச் சொன்னபோது, காட்சி தெளிவாக இருந்தவரை மூளை கண்ணையே பெரிதும் நம்பியது. காட்சியை மங்கலாக்க ஆக்க, தொடுகையின் பக்கம் சாய்ந்தது. எது நம்பகமானதோ அதற்கே கூடுதல் மதிப்பு என்பதுதான் மூளையின் கணக்கு.

கண்ணாடிப் பெட்டி இந்தக் கணக்கைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் அமெரிக்காவின் சான் டியாகோவில் பணியாற்றிய நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்டவர்களுக்கு இல்லாத கையில் தோன்றும் வலிக்காக 1990களில் இதை வடிவமைத்தார். பக்கவாதத்துக்கு இது உதவுமா என்று சோதித்த முதல் சிறிய ஆய்வு 1999இல் வெளிவந்தது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 62 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்ட அறிக்கை, வழக்கமான பயிற்சியோடு சேர்த்துச் செய்யும்போது கையின் அசைவும் அன்றாட வேலைகளைச் செய்யும் திறனும் மேம்படுகின்றன என்று கூறுகிறது. வழக்கமான பயிற்சியை விட்டுவிட்டு இதை மட்டும் நம்பக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நாங்கள் வாங்கிய பெட்டியில் கண்ணாடியின் தரம் நன்றாகவே இருக்கிறது. எளிதில் உடையாத அக்ரிலிக் தகடுதான். ஆயினும் பிம்பம் நெளியவில்லை, விரல் நகங்கள்வரை தெளிவாகத் தெரிகிறது. மலிவான தகடுகளில் விரல்கள் வளைந்து தெரியும். அப்படித் தெரிந்தால் அதைத் தன் கையாக ஏற்பது நோயாளிக்குக் கடினம்.

குறை இருப்பது பெட்டியின் அகலத்தில். கண்ணாடியிலிருந்து வலக்கை எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, பிம்பமும் மறுபுறம் அவ்வளவு தள்ளியே தெரியும். மறைவில் உள்ள இடக்கையும் அந்த இடத்தை ஒட்டியே இருந்தால்தான் கண் சொல்வதும் கை சொல்வதும் ஒத்துப்போகும். சிறு வேறுபாட்டை மூளை பொருட்படுத்துவதில்லை. இடைவெளி பெரிதானால் பிம்பம் வேறு யாருடைய கையோ என்றாகிவிடுகிறது. இந்தப் பெட்டியின் உள்ளறையோ குறுகலானது. இறுகி மடங்கியிருக்கும் அம்மாவின் கையை உள்ளே வைத்தால் அது கண்ணாடியை ஒட்டியே நிற்கிறது. டம்ளரை எடுத்து வைக்கும் பயிற்சியில் வலக்கை வெளிப்புறமாக நகர்ந்ததும் பொருத்தம் குலைந்துவிடுகிறது. பக்கச் சுவராக இருந்த துணியைக் கழற்றிவிட்டு, மேசை மீது கண்ணாடியை மட்டும் நிமிர்த்தி வைத்த பிறகே அம்மா, "இப்பதான் என் கை மாதிரி இருக்கு" என்றார்.

துணியைக் கழற்றியதில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. அம்மா வலக்கையை விரித்து மூடும்போது, நான் மறுபுறம் அமர்ந்து அவருடைய இடக்கை விரல்களை அதே வேகத்தில் விரித்து மூட முடிகிறது. வலக்கையில் சொரசொரப்பான துண்டு இருந்தால் இடக்கையிலும் அதே துண்டைத்தான் வைக்கிறோம். கண்ணில் படும் தொடுகையும் தோலில் படும் தொடுகையும் ஒரே கணத்தில் நிகழ்ந்தால்தான் அந்தக் கை தன்னுடையது என்ற உணர்வு வலுப்படும். மறைத்து வைத்த கையையும் கண்முன் இருந்த ரப்பர் கையையும் ஒரே நேரத்தில் வருடி, ரப்பர் கையைத் தன் கையாக உணரவைத்த 1998ஆம் ஆண்டுச் சோதனையும் இதைத்தான் காட்டியது. பெட்டியோடு வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வலக்கையிலுள்ள வளையலையும் சாமிக் கயிற்றையும் கழற்றி வைக்க வேண்டும் என்பதும் அதில் இல்லை. இடக்கையில் இல்லாத வளையல் பிம்பத்தில் தெரிந்தால், அது தன் இடக்கை என்று எப்படி நம்புவது? மருத்துவர் சொல்லித்தான் இதைத் தெரிந்துகொண்டோம்.

அம்மாவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இப்போது முன்பைவிடச் சற்று விரிகின்றன. மற்றப் பயிற்சிகளும் கூடவே நடப்பதால் அதை முழுவதும் இந்தப் பெட்டியின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தளர்ந்த கையைப் பார்க்கவே விரும்பாமல் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டிருந்தவர், இப்போது தாமாகவே அதை எடுத்து மேசைமேல் வைக்கிறார். எனக்கு அது பெரிய மாற்றம்.

புதிதாக வாங்குபவர்கள் முழங்கைவரை முழுவதும் தெரியும் அளவுக்குப் பெரிய கண்ணாடியும், கழற்றக்கூடிய பக்கத் துணியும், மேசையில் வழுக்காத அடிப்பாகமும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடியைத் தொடர்ந்து பார்ப்பதால் சிலருக்குத் தலைசுற்றல் வரக்கூடும் என்பதால், முதல் சில அமர்வுகளை மருத்துவரின் முன்னிலையில் வைத்துக்கொள்வது நல்லது.