பந்தயச் சேசிஸ் என்று தலையில் கட்டிய கார்: தரைப்பலகையைக் கழற்றாமல் பணம் கொடுக்காதீர்கள்

1926 புகாட்டி டைப் 35, கிராண்ட் பிரீ பந்தயக் கார். ஓய்வு பெற்றபின் கதவும் மடக்குக் கூரையும் வைத்துச் சாலை பாடி ஏற்றியது. இப்படிச் சொல்லித்தான் விற்றார்கள். உள்ளே இருந்தது அறுத்துக் குட்டையாக்கிய டைப் 38, அதாவது சாதாரண டூரிங் கார்.

வாங்கியவர் வீல்பேஸை, அதாவது முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரத்தை அளந்தார். டைப் 35-க்கு உரிய 2,400 மி.மீ. சரியாக வந்தது. அதோடு விட்டதுதான் தப்பு. டைப் 38-இன் வீல்பேஸ் 3,100 மி.மீ.க்கும் மேல். எழுநூறு மி.மீ.யை வெட்டி எடுத்தால் ஒட்டிய இடம் எங்காவது இருந்தே தீரும். வெளிப்பக்கம் வெல்டிங்கைத் தேய்த்துப் புட்டி பூசிவிடுவார்கள். சேசிஸ் சட்டத்தின் உட்புறத்தில் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். சின்னக் காந்தத்தைச் சட்டம் முழுக்க நகர்த்துங்கள், பிடி தளரும் இடத்தில் புட்டி இருக்கிறது.

அடுத்து, வடிவம். டைப் 35 சட்டம் நேர்கோடு அல்ல. மேலிருந்து பார்த்தால் பந்தய பாடியின் வளைவோடு போய் வால் பக்கம் குறுகும். சட்டத்தின் வெளிவிளிம்பிலிருந்து பல இடங்களில் தூக்குக்குண்டு விட்டு, தரையில் சாக்பீஸால் குறித்து, நம்பகமான ஒரு காரின் அளவோடு ஒப்பிடுங்கள்.

எட்டு சிலிண்டர், 1,991 சி.சி. என்பதைச் சாட்சியாக எடுக்காதீர்கள், டைப் 38-க்கும் அதேதான். வித்தியாசம் கிராங்க் ஷாஃப்டில், பிஸ்டன் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டில். டைப் 35-இல் அதைத் தாங்க ஐந்து மெயின் பேரிங், பிஸ்டனை அதோடு இணைக்கும் கனெக்டிங் ராடுக்கும் ரோலர் பேரிங். டைப் 38-இல் மூன்றுதான், ராடுக்குச் சாதா பேரிங். வார்ப்பு அலுமினிய வீல்? அதை யார் வேண்டுமானாலும் மாட்டலாம்.

சேசிஸ் எண் தகடு நாலு ரிவெட்டில் நிற்கும் பொருள், காருக்குக் கார் இடம் மாறும். சேசிஸ் எண், இன்ஜின் எண், சட்டத்தில் குத்திய வரிசை எண் மூன்றும் வெவ்வேறு. மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். இந்தக் காரில் துருக்குழிகளுக்கு மேலேயே இலக்கம் விழுந்திருந்தது: துரு முந்தி, எண் பிந்தி. பாடியில் பிலிப்ஸ் ஸ்குரூ (தலையில் கூட்டல் குறி வெட்டு உள்ளது) வேறு. 1930-களுக்கு முன் அது கிடையாது.

இத்தனையும் தரைப்பலகையைத் தூக்கியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். “பழைய பாடி, கை வைத்தால் கெட்டுப்போகும்” என்று விற்றவர் தடுத்தது வேறெதற்கு?