உவர்க் கிணறும் கச்சான் காற்றும்: முகத்துக்கு எது சரி?

எங்கள் வீட்டுக் குளியலறைத் தட்டில் அப்பாவின் சந்தனச் சவர்க்காரம், அம்மம்மாவின் பயற்றம்மா (பாசிப்பயற்று மா) போத்தல், தங்கச்சியின் பேஸ்வோஷ் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். திருகோணமலையில் உப்புவெளியிலிருந்து நிலாவெளிக்கு நாள் தவறாமல் ஸ்கூட்டியில் போய் வருகிறவள் நான். மூன்றையும் மாறி மாறிப் பாவித்துப் பார்த்துவிட்டேன்.

சவர்க்காரம் மலிவு, அழுக்கும் நன்றாகப் போகும். அது போதும் என்றுதான் பல வருடம் இருந்தேன். ஆனால் நம் தோல் இலேசான அமிலத் தன்மை உள்ளது. அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் எண் 5 அளவில் இருக்கும். வழக்கமான சவர்க்காரம் 9, 10 என்று காரமாக இருப்பதால், அழுக்கோடு தோலின் எண்ணெய்ப் பசையையும் சேர்த்தே கழுவிவிடுகிறது. எங்கள் கிணறு வேறு கொஞ்சம் உவர். அதிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து பிசுபிசுப்பான படிவாகும். நுரையும் வராது, எத்தனை வாளி ஊற்றினாலும் அது முழுதாகப் போகவும் போகாது. கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் குளித்து அரை மணி நேரத்தில் என் கன்னம் பொரித்த அப்பளம்தான்.

பயற்றம்மா அவ்வளவு காயவிடாது. நைசாக அரித்த மா என்றால் நல்லது. கொரகொரப்பான மாவைப் பரு உள்ள முகத்தில் தேய்த்தால் பரு இன்னும் சிவக்கும். ஈரக்கை பட்ட மா பூஞ்சணம் பிடிக்கும், அப்புறம் வீசத்தான் வேண்டும். அதில் தேசிக்காய்ப் புளி விடும் பழக்கம் மட்டும் வேண்டாம். புளி பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்து கொப்பளிக்கலாம். கறுத்த தழும்பு வாரக்கணக்கில் நிற்கும்.

பேஸ்வோஷ் விலைதான் கசக்கிறது. ஆனால் சவர்க்காரம் கலக்காதது என்றால் உவர்த் தண்ணீரில் அது படிவதில்லை, பலவற்றின் பிஎச்சும் தோலுக்குக் கிட்டத்தான். வாசனை இல்லாத, நுரை குறைந்த சாதாரணமான ஒன்று போதும். காலை, இரவு என்று இரண்டு தரம். ஆக, முகத்துக்கு இது, கை காலுக்கு அப்பாவின் சவர்க்காரம் என்று பிரித்துக்கொண்டேன்.

கழுவிய பிறகுதான் பெரிய சண்டை: தேங்காய் எண்ணெயா, சன்ஸ்கிறீனா? குளித்த ஈரத்தோடு கை காலில் பூச எண்ணெய்க்கு நிகரில்லை. பரு வரும் முகத்திலோ துவாரங்களை அடைத்துவிடும். வெயிலைத் தடுக்கும் என்று நம்பி அதைப் பூசிக்கொண்டு போவது வீண். சன்ஸ்கிறீனில் எஸ்பிஎஃப் (வெயில் காப்பு எண்) 30 என்று போட்டது, எரிக்கும் கதிரில் 97 சதவீதம் அளவுக்குத் தடுக்கும். 50 என்று போட்டது 98 சதவீதம். அந்த ஒரு சதவீதத்துக்குக் கூடுதல் காசு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தாராளமாகப் பூசுவதும், வெளியில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திரும்பப் பூசுவதும்தான் முக்கியம். ஸ்கூட்டியில் குடை பிடிக்க முடியாது. முழுக்கைச் சட்டை போடலாம்.

லேபல் இல்லாத 'வெள்ளையாக்கும்' கிறீம்கள் இந்தப் போட்டியிலேயே இல்லை. பாதரசமோ ஸ்டீராய்டோ கலந்தவை அவற்றில் உண்டு.

அம்மம்மா இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கிறார். இந்த வயதிலும் அவர் முகத்தில் ஒரு கரும்புள்ளி இல்லை, எல்லாம் பயற்றம்மாவின் மகிமை என்கிறார். வெயில் ஏறினால் அவர் வாசற்படி தாண்டி நான் பார்த்ததே இல்லை.