சுவிஸ்டோப்போ செயலி: மாடு மேயும் மலைகளில் ஒரு நாள் நடக்க இது போதுமா?

கோடை வந்தால் மலைப்பக்கம் நடக்கப் போகாத நம்மாட்கள் சுவிஸில் இப்போது குறைவு. ஆனால் பலர் திட்டம் போடுவது வாட்ஸப்பில் யாரோ அனுப்பிய ஒரு படத்தை நம்பித்தான். "வடிவான இடம், கட்டாயம் போங்கோ" என்பதோடு தகவல் முடிந்துவிடும். எவ்வளவு ஏற்றம், முழங்கால் வலிக்காரர் இறங்கக்கூடிய பாதையா, அது இன்றைக்குத் திறந்திருக்கிறதா, ஒன்றும் தெரியாது. இதையெல்லாம் நான் சுவிஸ்டோப்போ செயலியில்தான் பார்க்கிறேன். மத்திய அரசின் நில அளவை அலுவலகம் வெளியிடுவது, இலவசம், விளம்பரத் தொல்லை கிடையாது. அந்த அலுவலகம் தன் வரைபடத் தரவுகளையே 2021 மார்ச்சில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது.

முதலில் நல்லது. இதிலுள்ள 1:25,000 வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் நிலத்தில் 250 மீட்டர். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கிற உயரக் கோடுகள் ஆல்ப்ஸ் பகுதியில் 20 மீட்டருக்கு ஒன்று, ஆகவே கோடுகள் நெருங்கிக் கிடந்தால் செங்குத்து, விலகிக் கிடந்தால் சமதரை. இந்த ஒன்றைப் பழகிக்கொண்டாலே பாதித் திட்டம் முடிந்தது. நடைபாதைகளைக் காட்டும் படலத்தை, அதாவது வரைபடத்தின்மேல் விரிகிற தகவல் அடுக்கை, போட்டால் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மூன்று நிறம் வரும். மஞ்சளில் சாதாரணமாக யாரும் நடக்கலாம். சிவப்பு மலைப்பாதை, நல்ல பிடிப்புள்ள சப்பாத்து வேண்டும், தலைசுற்றுகிறவர்கள் யோசிக்க வேண்டும். நீலத்தைக் குடும்பத்தோடு போகிறவர்கள் மறந்துவிடுங்கள்.

எங்ஸ்ட்லிகன்ஆல்ப்பை வைத்துச் சொன்னால் விளங்கும். அடெல்போடனுக்கு மேலே, ஏறத்தாழ 1,960 மீட்டரில், வில்ட்ஸ்ட்ரூபல் மலையின் காலடியில் இருக்கிற பெரிய மேய்ச்சல் சமவெளி. பேர்னில் இருந்து ரயிலில் ஃப்ரூட்டிகன், அங்கிருந்து பஸ்ஸில் அடெல்போடன், பிறகு இன்னொரு பஸ்ஸில் கேபிள் கார் அடிவாரம். செயலியில் பார்த்தால் மலைகளுக்கு நடுவில் உயரக் கோடுகள் திடீரென்று விலகி, ஓடைகள் நீல நூலாகப் பிரிந்து ஓட, சின்னச் சின்னக் கறுப்புக் கட்டங்களாகக் கொட்டில்கள் தெரியும். அதன் வடக்கு விளிம்பில், அருவி விழுகிற இடத்தில், கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும். மேலே சுற்றி நடப்பது வேறு விஷயம், அருவியோரமாக அடிவாரத்துக்கு இறங்குவது வேறு விஷயம் என்று வீட்டில் இருந்தபடியே தெரிந்துவிடுகிறது. அம்மாவும் கூட வந்ததால் மேலே சுற்றிவிட்டுக் கேபிள் காரிலேயே இறங்குவது என்று முடிவு செய்தோம். அருவியோரப் பாதையில்தான் ஜூன் கடைசியில் நூற்றுக்கணக்கான மாடுகளை மேலே ஓட்டிக்கொண்டு போவார்கள். மாடு ஏறுகிறதே, எங்களுக்கு என்ன என்று நினைக்காதீர்கள், இறக்கம் முழங்காலைப் பதம் பார்க்கும்.

பாதையை விரலால் வரைந்தால் தூரம், ஏற்றம், இறக்கம், நேரம் நாலும் வந்துவிடும். இந்த நேரக் கணக்கில்தான் நம்மவர்கள் ஏமாறுவது. மஞ்சள் கைகாட்டிப் பலகைகளிலும் கிலோமீட்டர் இராது, நேரம்தான் எழுதியிருக்கும், அதுவும் சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் போகிற ஒருவர் எங்கும் நிற்காமல் நடந்தால் ஆகிற நேரம். புட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க, படம் எடுக்க, பிள்ளைகள் ஓடையில் கால் வைக்க எல்லாம் அதில் இடமில்லை. நான் எப்போதும் அரைவாசி கூட்டிக்கொள்வேன்.

அதிகம் பேருக்குத் தெரியாத இரண்டு படலங்கள் உண்டு. ஒன்று மூடப்பட்ட நடைபாதைகள்: மண்சரிவு, பாலவேலை என்றால் அதில் காட்டும். மற்றது மந்தைக் காவல் நாய்கள் இருக்கிற மேய்ச்சல் நிலங்கள். ஓநாய் திரும்பி வந்த பிறகு பல இடங்களில் ஆடுகளோடு இந்த நாய்களை விடுகிறார்கள். வளர்ப்பு நாயோடு நடக்கிறவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் கன்றோடு நிற்கும் தாய்ப்பசு எந்தப் பாதையில் படுத்திருக்கிறது என்று எந்தச் செயலியும் சொல்லாது. கன்றைத் தடவப் போகாதீர்கள், விலகிச் சுற்றிப் போங்கள், வேலிப் படலையைத் திறந்தால் திரும்பச் சாத்துங்கள்.

செயலியின் குறை என்றால், அதற்கு நிலம் தெரியும், பருவம் தெரியாது. மே மாதமும் ஓகஸ்ட் மாதமும் அதில் ஒரே பச்சை. ஆனால் மாடு மேலே நிற்பதும், கொட்டிலில் விறகடுப்பில் பால் காய்ச்சிச் சீஸ் செய்வதும் ஜூனில் இருந்து செப்டெம்பர் வரைதான். 2023 இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததும் இந்தக் கோடைக்கால மலை வாழ்க்கையைத்தான். ஒக்டோபரில் போனால் மலை அழகாகத்தான் இருக்கும், ஆனால் மணிச் சத்தமும் இராது, சீஸும் இராது.

நாங்கள் போனது ஓகஸ்ட். அம்மாவுக்கு வில்ட்ஸ்ட்ரூபலைவிட மாடுகள்தான் பெரிசு. "உந்த மாட்டின்ர கழுத்தில என்னடா இவ்வளவு பெரிய மணி, பாவமெல்லே" என்று கவலைப்பட்டவர், ஒரு கொட்டிலில் ஹோபல்கேஸ் சீஸை வாங்கித் தந்ததும் அமைதியாகிவிட்டார். பதினெட்டு மாதமாவது முற்றவிட்ட கட்டிச் சீஸ் அது. சீவுளியில் இழைத்து, மரச் சீவல் மாதிரிச் சுருள் சுருளாகத் தருவார்கள். உப்பும் கொழுப்புமாக நாக்கில் மெல்லக் கரையும்.

இன்னொரு குறை, புதிதாகத் திறக்கிறவருக்குப் படலங்களின் பட்டியலே மிரட்டும். "பிள்ளைகளோடு மூன்று மணி நேரம் நடக்க நல்ல இடம் சொல்லு" என்றால் சொல்லாது, முன்னர் போனவர்களின் கருத்தோ படமோ கிடையாது. யோசனை வேண்டுமானால் சுவிட்சர்லாந்துமொபில் தளத்தில் பாருங்கள், இடத்தைப் பிடித்த பிறகு இங்கே வாருங்கள். மேலே சிக்னல் விழும் என்று நம்ப வேண்டாம், வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வையுங்கள், அதுவும் இலவசம்தான். மலைகளின் பெயரைக் கமராவில் காட்டும் வசதியும் உண்டு. பிள்ளைகள் அதை விடமாட்டார்கள், பேட்டரி காலி, ஆகவே ஒரு பவர்பேங்க்.

ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம். அரை குறைத்தது அந்தப் பட்டியலுக்காக. கேபிள் காரின் கடைசி நேரத்தையும் கடைசி பஸ்ஸையும் மட்டும் அன்றன்றைக்கு அவரவர் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சீஸ் வாங்கச் சில்லறைக் காசும் கொண்டு போங்கள், எல்லாக் கொட்டிலிலும் ஃபோனில் காசு கட்டுகிற ட்விண்ட் இராது.